பழகிய இலை

முன்னொரு காலத்தில், ஏரித் தண்ணீரைப் பங்கிடுவதற்குக் குடத்தில் ஓலை போட்டு ஆளெடுக்கிற நாடு ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் ஓலைகளில் பெயர் எழுதிப் போடுவார்கள். குலுக்கி எடுத்த ஓலைகளில் யார் யார் பெயரோ, அவர்கள் ஏரி வாரியத்தில் ஓராண்டு உட்காருவார்கள். ஆண்டு முடிந்ததா, எழுந்து வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்ல ஏற்பாடு. விட்டுவைப்பார்களா?

ஒருநாள் புதிதாக வந்த நாவிதன் அரசனின் தாடையில் கத்தியைப் பதித்துவிட்டான். வலியும் கோபமுமாக அரசன், "இனி என் நாட்டில் பழகிய எதையும் மாற்றலாகாது" என்று ஆணை போட்டான். சின்னக் கீறல்தான், அதற்கு நாடு முழுக்கச் சட்டம்.

அப்போது வாரியத் தலைவனாக இருந்தவன் வில்லவராயன். அந்த ஆணையைக் கப்பென்று பிடித்துக்கொண்டான்; வாரியத்தில் பழகிய ஆட்களையும் மாற்றலாகாதாம். குடம் பரணுக்குப் போயிற்று. ஓராண்டுக்கு வந்தவர்கள் ஒன்பது ஆண்டு ஒட்டிக்கொண்டார்கள். தண்ணீர் முதலில் வில்லவராயன் தோப்புக்கு, அப்புறம் அவன் மச்சான் வயலுக்கு. வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவர்களுக்கு ஈரம்கூடக் கிடையாது. கேட்டால், "நாங்கள் அனுபவஸ்தர்கள், உனக்கென்ன தெரியும்?" என்பார்கள். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

கடைமடையில் நிலம் வைத்திருந்த காத்தாயி, காய்ந்த பயிரைக் கையோடு பிடுங்கிக்கொண்டு அரச சபைக்கே வந்துவிட்டாள்.

"சாமி, இன்னும் நாலு நாள்ல தண்ணி வரலைன்னா இந்தப் போகமும் போச்சு. நிலத்தை வித்துட்டு ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தக் குடத்தை இறக்கச் சொல்லுங்க."

"அவள் கேட்பது நியாயம், அரசே" என்றான் விகடகவி கூத்தன்.

அரசன் கூத்தனோடு சிரித்துப் பேசுவதே வில்லவராயனுக்கு ஆகாது. இதுதான் சமயம் என்று எழுந்தான். "மன்னா, தங்கள் ஆணையைக் கூத்தன் எதிர்க்கிறான். அரண்மனையில் அந்த ஆணையைக் காக்கும் பொறுப்பை அவனிடமே கொடுங்கள். எதுவாவது மாறினால் அவனை நாடு கடத்துங்கள்."

"அப்படியே ஆகட்டும்" என்றான் அரசன்.

"எதையும் மாற்றக் கூடாது, அவ்வளவுதானே?" என்று கேட்டுக்கொண்டான் கூத்தன்.

அன்று அரசனின் பிறந்தநாள். இரண்டு நாள் விருந்து. முதல் நாள் அரசனோடு வாரியத்தாரும் வாழையிலை போட்டு வயிறு முட்டத் தின்றார்கள். மறுநாள் பந்தியில் வந்து உட்கார்ந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எதிரே நேற்றைய எச்சில் இலைகள். காய்ந்த பாயசத்தில் ஈ மொய்த்தது. அவரவருக்கு அவரவர் இலை. அரசனுக்கும்தான்.

அரசன் முகம் சிவந்தது. "என்ன இது, கூத்தா?"

"தங்கள் ஆணை, அரசே. இந்த இலைகள் நேற்றே பழகிவிட்டன. குழம்பை ஒரு சொட்டு ஒழுகவிடவில்லை. புது இலைக்கு என்ன அனுபவம் இருக்கிறது?"

வில்லவராயனுக்குப் பொறுக்கவில்லை. "அட மூடனே, ஒருதரம் தின்ற இலையில் மறுபடி எவனாவது தின்பானா? எவ்வளவு நல்ல இலையானாலும் எடுத்துப் போட்டுவிட்டுப் புது இலை போடு!"

கூத்தன் அப்போது சிரிக்கவில்லை. "ஒரு வேளை தின்ற இலையே உமக்கு இவ்வளவு நாறுகிறது. ஒன்பது வருஷமாக எழுந்திருக்காமல் தின்கிறீரே, அந்த நாற்றத்தை ஊர் எப்படிப் பொறுக்கும்?"

அரசன் தன் இலையைப் பார்த்தான், வில்லவராயனைப் பார்த்தான், பிறகு விலா நோகச் சிரித்தான். ஆணையை அங்கேயே ரத்துச் செய்தான். அன்று மாலையே ஊர் கூடிப் புது ஓலைகளைக் குலுக்கியது. கூத்தனுக்குப் பொற்காப்பு. அதோடு, "வாரியத்தில் உனக்கு ஆயுளுக்கும் ஓரிடம் தருகிறேன்" என்றான் அரசன்.

"காப்பு போதும், அரசே. அந்த இடத்தில் உட்கார்ந்தால் எனக்கும் எழுந்திருக்க மனம் வராது."

புது வாரியத்தார் விடியுமுன் மதகைத் திறந்தார்கள். கூத்தன் கடைமடைக்குப் போனபோது காத்தாயி கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தான். அவள் மண்வெட்டியால் வரப்புக்கு மண் அணைத்துக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த வருஷம் இவனுங்களையும் வீட்டுக்கு அனுப்பணும். மறந்துடாதீங்க."