முள் தாழ்ப்பாள்

ஒரு காட்டில், இருட்டியதும் 'சர்க்... சர்க்...' என்று ஒரு வினோதமான சத்தம் கேட்டது. காட்டுப்பூனை மரத்தில் நகம் தீட்டிக்கொண்டிருந்தது.

பயந்த சுபாவம் கொண்ட முயலம்மா வெடவெடத்துப் போனாள். "கண்ணுங்களா, இப்படிச் சத்தம் கேட்டால் என்ன செய்யணும்? பள்ளியில் சொல்லித் தந்தாங்கதானே?"

மூன்று குட்டிகளும் கைகட்டி எழுந்து நின்றன. "பகைவரின் ஆகமன ஒலி செவிப்புலனை எட்டிய மாத்திரத்தில், வளையின் துவாரத்தை உட்புறமாகத் தாழிடுதல் தற்காப்பு எனப்படும்!"

வளையின் கதவோ ஆவென்று திறந்து கிடந்தது!

ஒப்பித்த குரல் வந்த திசையைப் பிடித்து, பூனை வாசலுக்கே வந்துவிட்டது. முயலம்மா பாய்ந்து கதவைச் சாத்தி முதுகைக் கொடுத்தாள். தாழ்ப்பாளாகச் செருகும் முள் மூலையில் கிடந்தது. "இப்போ சொன்னீங்களே, அதைச் செய்யுங்க!" என்று கத்தினாள்.

குட்டிகள் இன்னும் உரக்க ஒப்பித்தன.

பூனை சலித்துப் போகும்வரை முயலம்மா முதுகை எடுக்கவில்லை.

விடிந்ததும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கு ஓடினாள். அங்கே ஆசிரியர் முள்ளம்பன்றி. மகா படிப்பாளி. பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் தம் முதுகு முள் ஒன்றைத் தாழ்ப்பாளாகத் தருவது அவர் வழக்கம்.

"மூவரும் நூற்றுக்கு நூறு, அம்மா!" என்றார்.

"கதவு திறந்து கிடந்ததே, சார்! சாயங்காலம் நான் மேயப் போனால் பிள்ளைங்க தனியா இருக்கணும். கொஞ்சம் எளிதாச் சொல்லித் தாங்களேன்."

ஆசிரியரின் முட்கள் சிலிர்த்தன. "எளிதாகச் சொன்னால் பாடத்தின் கனம் என்னாவது?"

முயலம்மாவுக்குப் பயம்தான். ஆனாலும் நகரவில்லை.

அப்போது ஆசிரியரின் குட்டி சுனையோரம் தத்தித் தத்திப் போனது. "டேய் தங்கம், வழுக்கும்டா! இங்கே ஓடி வா!" என்று அலறினார் அவர். குட்டி ஓடி வந்தது.

"இதேதான், சார்!" என்றாள் முயலம்மா. "உங்க பிள்ளைக்குச் சொன்ன மாதிரியே எங்க பிள்ளைகளுக்கும் சொல்லுங்க. கூட உட்கார்ந்து நானும் ஒத்தாசை பண்றேன்."

ஆசிரியர் மூக்கைச் சொறிந்தார். பிறகு சிரித்துவிட்டார். இருவருமாகச் சொற்களைத் தட்டித் தட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அவரே ஒரு முள்ளைப் பிடுங்கி, வகுப்புக் கதவில் செருகிக் காட்டினார்: "சர்க்குன்னு கேட்டதா? மூச்! கதவைச் சாத்து. முள்ளைச் செருகு."

"இவ்வளவுதானா சார்?" என்றாள் கடைக்குட்டி. "இதைத்தான் இத்தனை நாளா ஒப்பிச்சோமா?"

அன்று சாயங்காலம் முயலம்மா புதருக்குள் மேய்ந்துகொண்டிருந்தாள்.

'சர்க்... சர்க்...'

பூனை அவள் வளையை நோக்கிப் பதுங்கிப் போனது. அவளுக்கு வாயில் புல் அப்படியே நின்றது. ஒப்பித்துத் தொலைத்துவிடுவார்களோ?

வளைக்குள் மூச். பூனை பாய்ந்தது. அதன் மூக்கில் இடித்துக்கொண்டு கதவு 'பட்'டென்று சாத்திக்கொண்டது.

மடிந்து கிடந்த முயலம்மாவின் காதுகள் கொடிமரம்போல் நிமிர்ந்தன. என் பிள்ளைகள்!

'டக்!' உள்ளிருந்து முள் இறங்கியது.

நீதி: புரியும்படி சொன்னதே பாடம், புரியாமல் ஒப்பித்தது வெறும் சத்தம்.