ஜோடி இல்லாத செருப்புகள்

பல்கலைக்கழகத்தின் பழைய நூலகத்தைப் புதுப்பித்து, மாணவர்கள் கூடிப் பேசும் கூடமாக்கினார்கள். மெத்தை நாற்காலிகள், ஜன்னலோரம் புத்தகங்கள், மூலையில் ஒரு டீக்கடை. கடை தனக்குக் கிடைத்த நாளில் புஷ்பம் கும்பிடாத சாமியில்லை.

ஆனால் பிள்ளைகள்தான் வரவில்லை. காலங்காலமாய் 'உஷ்' என்று அதட்டிய இடமாயிற்றே! எட்டிப் பார்த்துவிட்டு நழுவினார்கள்.

பளபளக்கும் கறுப்பு ஷூவோடு பதிவாளர் வைகுந்தம் வந்தார். "நாளைக்கு மதியத்துக்குள்ள கூடம் நிரம்பணும். யாரையும் கூப்பிடக் கூடாது, தானா வரணும். இல்லேன்னா இது என் ஆபீஸ்."

"சரிங்க சார்" என்றாள் புஷ்பம்.

காலையில், விடுதியில் கேட்பாரற்றுக் கிடந்த செருப்புகளைச் சாக்கில் அள்ளி வந்து வாசலில் தாறுமாறாய்ப் போட்டாள். அந்தப் பக்கம் போன பிள்ளைகள் நின்றார்கள்.

"உள்ள என்னமோ நடக்குதுடா!"

செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். டீ மணந்தது. உட்கார்ந்தவர்கள் எழவில்லை.

மதியம் வந்த பதிவாளர் வாசலைக் கூர்ந்து பார்த்தார். "இதுல பலதுக்கு ஜோடியே இல்லையே! என்னையே ஏமாத்துறியா?"

"ஜோடி இல்லாததெல்லாம் நான் போட்டது சார். ஜோடியா கிடக்கிறதெல்லாம் தானா வந்தது. எது அதிகம்னு நீங்களே பாருங்க."

பதிவாளர் குனிந்து ஜோடிகளை எண்ணத் தொடங்கினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள்: "இப்படி ஒரு இடத்தைக் காட்டினீங்களே, நல்லா இருப்பீங்க அக்கா!"

மறுநாள் காலை புஷ்பம் வந்தபோது, வாசலில் ஒரு ஜோடி கறுப்பு ஷூ கிடந்தது. உள்ளே பதிவாளர் அவளுக்கும் சேர்த்து டீ ஆற்றிக்கொண்டிருந்தார்.