தோகுபெய் ஊர் பார்த்த நாள்

கியோட்டோ நகருக்கு வடக்கே மலைச்சரிவில் ஒரு சிறிய மடம் இருந்தது. அங்கே குருவுக்கு வயது நாற்பது. அவருடைய சீடர்களில் ஒருவருக்கு அறுபது.

அந்தச் சீடரின் பெயர் தோகுபெய். கடலோர ஊர் ஒன்றில் சோயாச் சாறு வடித்து விற்றவர். மனைவி இறந்ததும் கடையைத் தம்பி மகனிடம் கொடுத்துவிட்டு மலையேறி வந்து தலையை மழித்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று குளிர்காலம் போய்விட்டது.

மடத்தில் எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. தியானத்தில் உட்கார்ந்தால் கல்தான். கொசு கடித்தாலும் அசைய மாட்டார். சோறு குழைந்திருந்தாலும் அரைவேக்காடாக இருந்தாலும் ஒரே மாதிரி சாப்பிட்டு எழுவார். முற்றத்தில் செர்ரி மரம் பூத்த அன்று சீடர்கள் எல்லாரும் ஓடி வந்து பார்த்தார்கள். அவர் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"தோகுபெய் எதையோ அடைந்துவிட்டார்" என்று சீடர்கள் பேசிக்கொண்டார்கள்.

தோகுபெய்க்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒருநாள் அவர் குருவிடம் போனார்.

"குருவே, மலையுச்சியில் இருக்கும் குடிசை காலியாகக் கிடக்கிறது. நான் அங்கே போய்விட அனுமதி வேண்டும்."

குரு பிய்ந்துபோன வைக்கோல் செருப்பு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அங்கே போனவர்கள் திரும்பி இறங்குவதில்லை. தெரியுமா?"

"தெரியும்."

"பிறகு ஏன் போக வேண்டும்?"

"உலகத்தில் என்னை இழுக்கும் பொருள் ஒன்றும் இல்லை, குருவே. அப்படியிருக்க, உலகத்துக்குப் பக்கத்தில் எதற்கு உட்கார்ந்திருக்க வேண்டும்?"

குரு நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"கியோட்டோவைப் பார்த்திருக்கிறீர்களா?"

"இங்கே வரும்போது ஊர் ஓரமாக நடந்து வந்தேன்."

"பார்த்தீர்களா என்று கேட்டேன்."

"இல்லை."

"நாளைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். தனியாக. அதற்குப் பிறகு கேளுங்கள்."

"அங்கே எதைப் பார்க்க வேண்டும்?"

"எனக்கு எப்படித் தெரியும்? போகிறவர் நீங்கள்தானே."

மறுநாள் விடிந்ததும் தோகுபெய் மலையிறங்கினார். மழைக்காலத்தின் தொடக்கம். வழியெல்லாம் ஈரம். தலையில் விறகுக்கட்டு சுமந்த பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டு அவரைத் தாண்டிப் போனார்கள். அவர் தன் பாதங்களைப் பார்த்தபடியே நடந்தார்.

ஊர் வந்தது. நூல் பிடித்தாற்போல் நேரான தெருக்கள். தெருவுக்கு ஒரு கோயில். ஒரு கோயில் வாசற்கதவின் உயரத்தைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் கழுத்தை வளைத்து நின்றார்கள். தோகுபெய் அவர்கள் நடுவே புகுந்து வெளியேறினார்.

ஒரு கோயிலில் வெள்ளை மணலை வரிவரியாக வாரிவிட்டு, நடுவில் பாறைகள் நட்ட தோட்டம் ஒன்று இருந்தது. அதைக் காண நூறு காதம் நடந்து வருகிறவர்கள் உண்டு. தோகுபெய் கொஞ்ச நேரம் நின்றார். மணலை வாரிக்கொண்டிருந்த துறவி பக்கத்தில் வந்தார்.

"என்ன தெரிகிறது?"

"கல்" என்றார் தோகுபெய். "மணல்."

துறவி அவரை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ பெரிய ஞானி வந்திருக்கிறார் என்று நினைத்து ஆழமாகக் குனிந்து வணங்கினார்.

தோகுபெய் திருப்தியோடு வெளியே வந்தார். தலைநகரமான கியோட்டோவாலும் தன்னை அசைக்க முடியவில்லை. மாலைக்குள் மலையேறிவிடலாம், நாளைக்கே குடிசைக்குப் போய்விடலாம்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. தெரு கண்ணிலிருந்து மறைந்தது. தோகுபெய் கைக்கு எட்டிய முதல் கூரைக்கடியில் ஒதுங்கினார். அது சோயாப்பாலைத் திரித்துக் கட்டியாக்கிய தோஃபு விற்கும் கடை. அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்த தடித்த பெண் அவரைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உள்ள வாங்க சாமி. இந்த மழை உங்கள இப்போதைக்கு விடாது. சாப்பிட்டாச்சா?"

"வேண்டாம் அம்மா."

"வேணுமான்னு கேக்கல. சாப்பிட்டாச்சான்னு கேட்டேன்."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு கிண்ணத்தைக் கையில் திணித்துவிட்டாள். தணலில் வாட்டிய தோஃபு. மேலே இரண்டு சொட்டு சோயாச் சாறு, நறுக்கிய பச்சை வெங்காயத்தாள்.

தோகுபெய் வழக்கம்போல எதையும் கவனிக்காமல் ஒரு வாய் போட்டார். மென்றார். நிறுத்தினார்.

"இந்தச் சாறு யார் வடித்தது?"

"ஏன் சாமி, கெட்டுப்போச்சா?"

"கெடவில்லை. அவசரப்பட்டிருக்கிறார். இன்னும் ஒரு கோடை பீப்பாயில் விட்டிருக்கலாம்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டார். மனைவி போன நாளிலிருந்து அவர் நாக்கில் எதுவும் ருசித்ததில்லை. எல்லாமே வைக்கோல். அதைத்தான் பற்றின்மை என்று நினைத்திருந்தார்.

இன்னொரு வாய் போட்டார். தோஃபுவின் ஓரம் மொறுமொறுவென்றும் உள்ளே பால்போலவும் இருந்தது. புகை மணம். வெங்காயத்தாளின் காரம்.

"நல்லா இருக்கா?" என்றாள் அந்தப் பெண்.

"நன்றாக இருக்கிறது" என்றார் தோகுபெய்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னொரு துண்டை எடுத்து அவர் கிண்ணத்தில் வைத்தாள்.

அவருடைய மனைவி பெயர் கினு. எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கத் தெரியாதவள். வானத்தில் கொக்கு போனால், பக்கத்து வீட்டுப் பூசணி பூத்தால், மீன்காரன் கூடையில் புதிதாக ஒரு மீன் இருந்தால், ஓடி வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுப்பாள். "இங்க பாருங்களேன்!" அவர் பீப்பாய்க்குள் எட்டிப் பார்த்தபடியே "ம்" என்பார். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படித்தான். அவள் போன பிறகு சட்டைக் கையை இழுக்க யாருமில்லை. அவர் எதையும் பார்ப்பதை விட்டுவிட்டார்.

மழை வந்தது போலவே சட்டென்று நின்றது. தோகுபெய் அந்தப் பெண்ணை வணங்கிவிட்டு வெளியே வந்தார்.

தெருக்கோடியில் காமோ ஆறு. சாயத்தொழிலாளிகள் மழைக்கு ஒதுங்கியிருந்துவிட்டு அப்போதுதான் மறுபடி இறங்கியிருந்தார்கள். முழங்கால் ஆழத்தில் நின்று, சாயமேற்றிய நீளநீளத் துணிகளை நீரோட்டத்தில் விட்டு அலசினார்கள். ஒன்றில் நீல அலை. ஒன்றில் நாரைக் கூட்டம். ஒன்று முழுக்கச் செம்மஞ்சள். தண்ணீர் அவற்றை இழுக்க, துணிகள் உயிரோடு நீந்துவதுபோல் நெளிந்தன. மேகம் விலகியது. வெயில் சரியாக அந்த நாரைகளின்மேல் விழுந்தது.

"கினு! இங்கே பார்!"

தோகுபெய்தான் சொன்னார். உரக்கச் சொன்னார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் அவளிடம் சொல்லாத வார்த்தை அது. வலது கை தானாக நீண்டு, பக்கத்தில் இல்லாத ஒரு சட்டைக் கையைத் தேடியது.

ஆற்றில் நின்ற தொழிலாளி ஒருவன் தலையைத் தூக்கினான்.

"எங்க சாமி?"

தோகுபெய் கையை நீட்டிக் காட்டினார்.

"அங்கே. அந்தத் துணியில். வெயில்."

அவன் தன் கையில் இருந்த துணியைப் பார்த்தான். நாரைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீருக்குள் மூழ்கி வெளிச்சத்தில் எழுந்தன. அவன் வாய் கொஞ்சம் திறந்தது.

"அட" என்றான். "தண்ணிக்குள்ள நிக்கிறவனுக்குக் கால் சில்லிடுறது மட்டுந்தான் தெரியுது."

பிறகு அக்கரைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"டேய்! இங்க பாருடா!"

அங்கே இருந்தவன் பார்த்தான். அவன் அடுத்தவனைக் கூப்பிட்டான். தோகுபெய் கரையில் நின்று அழுதார். வெகுநேரம் அழுதார். யாரும் அவரைத் தொந்தரவு செய்யவில்லை.

அதன்பிறகு ஊர் அவரை விடவில்லை.

தறிகள் ஓடும் தெருவில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் காதை வைக்காத குறையாகக் கேட்டார். ஒரு தறிக்கும் அடுத்த தறிக்கும் தாளம் வேறு. பாலத்தின் மேல் ஒரு குழந்தை தன் தகப்பன் தோளில் உட்கார்ந்து, போகிற ஒவ்வொரு குடையையும் தொட்டுப்பார்க்கக் கை நீட்டியது. தோகுபெய் தன் பழைய ஓலைத் தொப்பியைக் கழற்றி அதன் கைக்கு எட்டும்படி பிடித்தார். குழந்தை தட்டிவிட்டுச் சிரித்தது.

மணல் தோட்டத்துக்குத் திரும்பவும் போனார். மழை மணல்வரிகளைக் கலைத்திருந்தது. துறவி மறுபடி முதலிலிருந்து வாரிக்கொண்டிருந்தார்.

"இப்போது என்ன தெரிகிறது, ஐயா?" என்று பணிவோடு கேட்டார் துறவி.

தோகுபெய் ஈரப் பாறைகளைப் பார்த்தார். பாசி பச்சைப்பசேலென்று இருந்தது.

"முதுகு வலிக்கவில்லையா உங்களுக்கு?" என்று மட்டும் கேட்டார்.

துறவி சிரித்தார். "வலிக்கிறது."

இருவரும் கொஞ்ச நேரம் சேர்ந்து நின்று பார்த்தார்கள்.

கடைசியாகக் கிழக்குக் குன்றில் இருக்கும் பெரிய கோயிலுக்கு ஏறினார். அங்கே மலைச்சரிவுக்கு வெளியே நீட்டிக் கட்டிய மரத்தளம் உண்டு. அதன் விளிம்பில் நின்றால் கீழே மரங்களின் உச்சி. அதற்கப்பால் முழு நகரம். சாம்பல் நிற ஓடுகள் மழையில் குளித்து மினுங்கின. எங்கோ மணி அடித்தது. அதற்குப் பதில் போல வேறெங்கோ இன்னொன்று. பக்கத்தில் ஒரு கிழவரும், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும், யாரோ ஒரு மாலுமியும் நின்றார்கள். யாருக்கும் யாரையும் தெரியாது. யாரும் போகவும் இல்லை.

மலையேறி மடத்துக்கு வந்தபோது இன்னும் அந்தி வெளிச்சம் மிச்சமிருந்தது. குரு வெளியே பலகையில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

"ஊர் எப்படி இருந்தது?"

தோகுபெய் சொல்லத் தொடங்கினார். தறியைச் சொன்னார், தோஃபுவைச் சொன்னார், குடையைத் தொட்ட குழந்தையைச் சொன்னார். நாரைகள் எழுந்ததைச் சொல்லும்போது எழுந்து நின்று கைகளை விரித்துக் காட்டினார். சீடர்கள் ஒவ்வொருவராக வந்து வாசலில் கூடினார்கள். அவர் இவ்வளவு பேசி அவர்கள் கேட்டதில்லை. குருவின் கஞ்சி ஆறிப்போனது.

திடீரென்று தோகுபெய் நிறுத்தினார். எல்லோரையும் பார்த்தார். தரையில் உட்கார்ந்து நெற்றி பட வணங்கினார்.

"மன்னியுங்கள் குருவே. நான் தோற்றுவிட்டேன்."

"யாரிடம்?"

"அந்த ஊரிடம். காலையில் எதுவும் என்னை இழுக்கவில்லை. மாலையில் இழுக்காதது ஒன்றும் இல்லை. மூன்று வருஷத் தவம் ஒரு துண்டு தோஃபுவில் போய்விட்டது."

"தோஃபு அவ்வளவு நன்றாக இருந்ததா?"

"இருந்தது. சாறு மட்டும் அவசரம்."

வாசலில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். தோகுபெய் தலை குனிந்தபடியே இருந்தார்.

"பாதி நேரம் என் மனைவியை நினைத்துக்கொண்டிருந்தேன். மீதி நேரம் அவளிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் குடிசையைக் கேட்க இனி எனக்குத் தகுதி இல்லை."

குரு கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"நேற்று நீங்கள் கேட்டபோது, விட்டுவிட்டுப் போக உங்களிடம் ஒன்றும் இருக்கவில்லை. இன்று இருக்கிறது. இப்போது கேளுங்கள், தருகிறேன்."

தோகுபெய் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

கீழே ஊரில் ஒவ்வொரு வீடாக விளக்கேற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவர் குடிசையைக் கேட்கவில்லை.