எருமைகள் சுமந்த வண்டல்

காட்டின் நடுவே ஓர் ஏரி இருந்தது. மலையிலிருந்து இறங்கும் ஓடைதான் அதற்குத் தண்ணீர் கொண்டுவரும். மூன்று வருடமாக ஓடையின் வாயில் வண்டல் படிந்து மேடாகிவிட்டது. மழை பெய்தாலும் தண்ணீர் ஏரிக்குள் வராமல் வேறு பக்கம் ஓடியது. ஏரியில் முழங்கால் அளவுதான் மிச்சம்.

"இந்த மழைக்கும் தண்ணீர் வராவிட்டால் மீன்கள் செத்துவிடும். நாமும் காட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்" என்றது நீர்நாய்.

"வாயைத் தூர் வாரிவிடலாம். தோண்டுவதற்கு நான் இருக்கிறேன்" என்றது காட்டுப்பன்றி.

பன்றி மூக்கால் கிளறியது. நீர்நாயும் முள்ளம்பன்றியும் நண்டுகளும் சேர்ந்துகொண்டன. எடுத்த மண்ணை இரண்டு ஓரமும் குவித்தன.

தூரத்து மேட்டில் மேயும் எருமைக் கூட்டத்திலிருந்து ஓர் எருமை அந்த வழியாக வந்தது. "நாங்களும் வரட்டுமா?" என்று கேட்டது.

"உங்களுக்குத் தோண்டத் தெரியுமா?" என்றது பன்றி.

"தெரியாது. சேற்றில் புரளத் தெரியும்."

"அப்படியானால் தள்ளி நின்று வேடிக்கை பாருங்கள்."

எல்லாம் சிரித்தன. எருமை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய்விட்டது.

ஐந்தாம் நாள் ஒரு மணி நேரம் மழை கொட்டியது. ஓரத்தில் குவித்த மண் முழுவதும் சரிந்து பழையபடி வாயை அடைத்தது. பன்றி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"தோண்டிவிடலாம். தூரத்தில் கொண்டுபோய்க் கொட்ட யாரால் முடியும்?" என்றது.

ஒரு நண்டு தூரத்து மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அங்கே எருமைகள் மரத்தில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தன. உடம்பில் காய்ந்த சேறு பாளம் பாளமாக உதிர்ந்தது.

"பன்றி அண்ணா, அவர்கள் ஒரு தடவை புரண்டால் எவ்வளவு சேறு போகிறது, பாருங்கள்" என்றது நண்டு.

பன்றி பார்த்தது. அதற்கு வெட்கமாக இருந்தது. தானே மேடேறி, அன்று வந்த எருமையிடம் போனது.

"எருமை அக்கா, அன்றைக்கு நான் பேசியது தப்பு. வந்து உதவுவீர்களா?"

எருமை கொஞ்ச நேரம் அசைபோட்டது. "எத்தனை பேர் வேண்டும்?"

"எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"நாற்பது பேர்."

மறுநாளே வேலை களைகட்டியது. பன்றி மண்ணைக் கிளறி இளக்கியது. நாற்பது எருமைகளும் அதில் ஆசைதீரப் புரண்டன. சேற்றைப் பூசிக்கொண்டு மேடேறின, மரங்களில் தேய்த்து உதிர்த்தன, திரும்பி வந்து மறுபடி புரண்டன. எருமைக் கன்றுகள் சேற்றில் சறுக்கி விளையாடின. அதைப் பார்த்துவிட்டு நீர்நாயும் சறுக்கியது.

பத்தாம் நாள் வாய் திறந்துவிட்டது. அன்று மாலையே மலையில் பெருமழை. செந்நிறத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வந்தது. ஓடையில் நின்ற பன்றியை உருட்டி ஏரிக்குள் தள்ளியது. பன்றி மூச்சு வாங்க மேலே வந்து, "வந்துவிட்டது! தண்ணீர் வந்துவிட்டது!" என்று கத்தியது. நாற்பது எருமைகளும் தடதடவென ஏரியில் இறங்கின. இரண்டு நாளில் ஏரி நிறைந்தது.

பொது வேலைக்குத் தானாக வருபவரை, நமக்குத் தெரிந்த வேலை அவருக்குத் தெரியவில்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.