சூரியனுக்குச் சொந்தக்காரர்

முன்னொரு காலத்தில், மாடிக்கு மாடி சூரியத் தகடு பளபளத்த ஒரு ராஜ்யம் இருந்தது. ராஜா காலத்தில் ஏது கரண்ட், ஏது மீட்டர் என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். மற்றவர்கள் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

அந்த நாட்டு ராஜா பானுசேகரருக்குத் திடீர் திடீரென்று ஆசை வரும். ஒரு சித்திரையில், அரண்மனையில் ஆயிரம் விளக்கு எரிய வேண்டும், அறைக்கு அறை விசிறி சுழல வேண்டும் என்று ஆசை வந்தது. இருந்த கரண்ட் அதற்குப் போதவில்லை. உடனே தண்டோரா போட்டார். "வீட்டு மாடியில் தகடு போடுங்கள். உங்களுக்குப் போக மிஞ்சும் கரண்டை அரண்மனைக் கம்பிக்கு அனுப்புங்கள். மீட்டர் காட்டும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பணம் தரப்படும்."

ஜனங்கள் நம்பவில்லை. அரண்மனையிலிருந்து காசு வாங்குவதும் கல்லில் நார் உரிப்பதும் ஒன்று என்பது அவர்கள் அனுபவம். அவர்களை நம்ப வைத்தவன் அரசவை விதூஷகன் கடுகப்பன். ஆள் முழங்கை உயரம், வாய் மட்டும் முழ நீளம். "ராஜா வாக்குப் பொய்க்காது, நான் பொறுப்பு" என்று தெருத்தெருவாகச் சொல்லிவிட்டு வந்தான். அவன் எதிர்வீட்டு அப்பளக்காரி பூரணத்தம்மாள் அந்த வார்த்தையை நம்பி, காதில் கிடந்த கல்தோட்டை அடகு வைத்துத் தகடு போட்டாள். மாடியைத் தகடு பிடித்துக்கொண்டதால், அப்பளம் தெருவில் பாய் விரித்துக் காய்ந்தது.

மூன்று மாதம் ஓடியது. அரண்மனை ஜெகஜ்ஜோதியாக எரிந்தது. காசு மட்டும் வரவில்லை.

"ஏன் கடுகப்பா, ஆடி கழிஞ்சா என் தோடு முழுகிப் போயிடும்பா. மூளிக் காதோட நிக்கிறேன். உன் பேச்சைக் கேட்டுத்தானே வச்சேன்?" என்று வாசலில் நின்று அழுதாள் பூரணத்தம்மாள்.

கடுகப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. ஊரைச் சிரிக்க வைத்துப் பிழைக்கிறவன் அவன். ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தால் தாங்கமாட்டான். மறுநாளே சபையில் போய்க் கேட்டுவிட்டான்.

இதற்காகவே காத்திருந்தார் மின்துறை மந்திரி கோதண்டராயர். தான் நாள் முழுக்கப் பேசினாலும் கொட்டாவி விடுகிற ராஜா, கடுகப்பன் வாயைத் திறந்தால் நிமிர்ந்து உட்காருகிறாரே என்று அவருக்கு வெகுநாளாக வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, தாங்கள் சூரிய குலத்தில் உதித்தவர்" என்று தொடங்கினார் மந்திரி. "சூரியபகவான் தங்கள் பாட்டனாருக்கும் பாட்டனார். பாட்டன் சொத்து பேரனுக்குத்தானே? தங்கள் வெயிலைத் திருடித் தங்களுக்கே விற்கிறார்கள் இந்த ஜனங்கள். இவர்களுக்குப் பணம் வேறு கொடுக்க வேண்டுமா?"

ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நியாயம்தானே கடுகப்பா? என் சூரியன், என் வெயில்!"

பூரணத்தம்மாளின் வெறுங்காது கடுகப்பனின் கண்ணுக்குள் வந்து நின்றது. அப்புறம் போன வருஷத்துச் சங்கதி ஒன்று நினைவுக்கு வந்தது. பவ்யமாகக் கைகட்டினான்.

"தெரியாமல் கேட்டுவிட்டேன் மகாராஜா. சூரியன் தங்கள் உடைமை என்று செப்பேட்டில் எழுதி, முத்திரை வைத்து, ஊரறியத் தண்டோராவும் போட்டுவிடுங்கள். அதன்பிறகு எவனும் காசு கேட்டு வரமாட்டான்."

மந்திரி மீசையை முறுக்கிக்கொண்டார். அன்று சாயங்காலமே செப்பேடும் ஆயிற்று, தண்டோராவும் ஆயிற்று.

விடிந்து பார்த்தால் அரண்மனை வாசலில் தேர்த்திருவிழாக் கூட்டம்.

"யார் இவர்கள்?" என்றார் ராஜா.

"நஷ்ட ஈடு வாங்க வந்தவர்கள் மகாராஜா" என்றான் கடுகப்பன். "மாடு பயிரை மேய்ந்தால் மாட்டுக்காரர் நஷ்டம் கட்டுவது நம் நாட்டு வழக்கம். போன வருஷம் பட்டத்து யானை கரும்புத் தோட்டத்தில் இறங்கியபோது, 'யானை என்னுடையது, நஷ்டமும் என்னுடையது' என்று தாங்களே எண்ணிக் கொடுத்தீர்கள். ஊரே கையெடுத்துக் கும்பிட்டது. நேற்றைய செப்பேட்டின்படி, பாட்டன் காலம் முதல் சூரியனும் தங்களுடையது. அது செய்த சேதத்தைக் காட்ட வந்திருக்கிறார்கள்."

முதலில் ஒரு நிலக்கடலை விவசாயி கருகிய செடிகளைத் தூக்கிக் காட்டினார். "சாமி, உங்க சூரியன் என் கொல்லை பூராவும் தின்னுட்டுதுங்க." வெல்ல வியாபாரி, சரக்கு உருகி ஒட்டிப்போன ஓலைப்பெட்டியை நீட்டினார். புதுப்பெண் ஒருத்தி, கொடியில் காய்ந்து வெளுத்த கூறைப்புடவையை விரித்தாள். வழுக்கைத் தலைப் புரோகிதர் ஒருவர் குனிந்து தலையைக் காட்டினார். அது பழுத்த தக்காளியாகச் சிவந்திருந்தது.

ராஜா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"மகாராஜாவுக்கும் வியர்க்கிறது. அதையும் சேர்த்துக் கொள்ளலாமா?" என்று கேட்டான் கடுகப்பன்.

மந்திரி குறுக்கே பாய்ந்தார். "நஷ்டத்தை மட்டும் பேசினால் எப்படி? நெல் உலர்த்தியவர்கள், வற்றல் போட்டவர்கள், துணி காயவைத்தவர்கள் எல்லாரும் வெயிலுக்குக் கூலி கட்டட்டும்!"

"கூப்பிடாமல் வந்து உழுத மாட்டுக்கு எந்த ஊரில் கூலி கொடுக்கிறார்கள் மந்திரியாரே? கூப்பிடாமல் வந்து மேய்ந்த மாட்டுக்குத்தான் அபராதம் உண்டு" என்றான் கடுகப்பன். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"வெயில் அடித்ததற்கு எந்த மானமுள்ளவனாவது நஷ்ட ஈடு கேட்பானா?" என்று கத்தினார் மந்திரி.

"கேட்டிருக்கிறாரே!" கடுகப்பன் மடியிலிருந்து ஓர் ஓலையை எடுத்தான். "போன மாதம் கஜானாவுக்கு வந்த மனு. கணக்கரிடம் கேட்டு வாங்கி வந்தேன். 'கடும் வெயிலில் எனது குளம் வற்றி ஐந்நூறு கெண்டை மீன்கள் மாண்டன. கஜானாவிலிருந்து ஈடு வேண்டும். இப்படிக்கு, கோதண்டராயர்.'"

மந்திரியின் முகம் அந்தக் கெண்டை மீனின் முகமாகிவிட்டது. ராஜா அவரைப் பார்த்தார், ஓலையைப் பார்த்தார், புரோகிதரின் தலையைப் பார்த்தார். அடக்க முடியவில்லை, சிம்மாசனம் குலுங்கச் சிரித்தார்.

"போதுமப்பா! இந்தச் சூரியனைக் கட்டி மேய்க்க என்னால் ஆகாது. செப்பேட்டை உருக்குங்கள்! வெயில் எல்லாருக்கும் பொது. அதைப் பிடித்துக் கரண்டாக்கிக் கொடுத்தவர்களுக்குக் காசு கொடுப்பதுதான் முறை. மூன்று மாதப் பாக்கியும் இன்றைக்கே போய்ச் சேர வேண்டும். கடலைக்காரருக்கு இந்த வருஷ வரி தள்ளுபடி. மந்திரியாரே, வீடு வீடாகப் போய் மீட்டரைப் பார்த்து, உம் கையாலேயே கொடுத்துவிட்டு வாரும். குடை எடுத்துப் போகாதீர்!"

கடுகப்பனுக்கு ஒரு பொற்கிழியும் சால்வையும் கிடைத்தன. ஆனால் அவன் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. உச்சி வெயிலில் மந்திரி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் பூரணத்தம்மாள் வீட்டு வாசலில் நின்று பணத்தை எண்ணினார். எண்ணி வாங்கிய கையோடு அவள் அடகுக்கடைக்கு ஓடினாள். திரும்பி வரும்போது இரண்டு காதிலும் தோடு மின்னியது. கடுகப்பனைப் பார்த்து, "என் ராசா, நீ நல்லா இருக்கணும்" என்றாள். அன்று அவன் இரண்டு வேளைச் சோற்றை ஒரே வேளையில் தின்றான்.

மறுநாள் அரண்மனைக்கு ஒரு கட்டு அப்பளம் வந்தது. கூடவே ஒரு சீட்டு. ராஜா பிரித்துப் படித்துவிட்டு மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே காசை எடுத்து வைத்தார். சீட்டில் பூரணத்தம்மாள் இப்படி எழுதியிருந்தாள்:

"அப்பளம் மூன்று பணம். அது காய்ந்த வெயில் இலவசம்."