தேன் நெல்லிக்கு ஒரு எண், கார நெல்லிக்கு ஒரு எண்

நத்தைக்குளத்தில் ஒரு கரடி தலையைத் தண்ணீருக்குள் விட்டபடி நின்றது. ரொம்ப நேரமாக வெளியே எடுக்கவில்லை. மானும் முயலும் காட்டுப்பன்றியும் கரையில் வரிசை கட்டி வேடிக்கை பார்த்தன.

தலையை எடுத்ததும் கரடி கேட்ட முதல் கேள்வி, "எங்கே அந்த அணில்?"

அணிலின் பேர் கீச்சி. அது ஓடி ஒளியவில்லை. வந்து முன்னால் நின்றது.

"தேன் நெல்லின்னு கேட்டேன். ஆனைக்கா எடுத்துக் கொடுத்துச்சு. குழாயை அப்படியே வாயில கவுத்தேன். உள்ளே பூரா மிளகாய். நாக்கைப் பாரு, அத்திப்பழம் மாதிரி வீங்கிக் கிடக்கு."

கீச்சி பார்த்தது. நிஜமாகவே அத்திப்பழம் மாதிரிதான் இருந்தது.

நடந்தது இதுதான். அந்தக் காட்டில் கடை என்றால் யானை நடத்தும் குகைக் கடை ஒன்றுதான். உள்ளே மழை வராது, எறும்பு ஏறாது. பத்து நாளுக்கு ஒருமுறை சந்தை. யார் எதைச் செய்தாலும் மூங்கில் குழாயில் அடைத்து, வாயை மெழுகால் மூடி, யானையிடம் கொடுக்க வேண்டும். வெளியே பார்த்தால் எல்லாக் குழாயும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் குழாய் மேல் கோடு போட்டாக வேண்டும். தடிக் கோடு, மெல்லிய கோடு, நடுவில் இடைவெளி. மரங்கொத்தி அந்தக் கோடுகள் மேல் அலகை ஓட்டும். டிர்ர் என்று ஒரு சத்தம். கோடு எண்ணாகிவிடும். எண்ணைக் கேட்டால் போதும், யார் வீட்டுச் சரக்கு, என்ன சரக்கு என்று யானை சொல்லிவிடும். யானைக்கு எதுவும் மறக்காது.

கீச்சி இரண்டு சரக்கு செய்தது. ஒன்று தேனில் ஊறிய நெல்லி. இன்னொன்று மிளகாய் போட்ட நெல்லி. இரண்டுக்கும் ஒரே கோட்டைக் கடித்து வைத்திருந்தது. வேறு காரணம் ஒன்றும் இல்லை, சோம்பேறித்தனம்.

"ரெண்டும் நெல்லிதானே ஆனைக்கா? ரெண்டையும் நான்தானே செஞ்சேன்?" என்றது கீச்சி.

"அதைக் கரடி நாக்குகிட்ட போய்ச் சொல்லு," என்றது யானை. தும்பிக்கையை நீட்டிக் கீச்சியின் குழாய்களை அடுக்கிலிருந்து இறக்க ஆரம்பித்தது. ஒன்று விடாமல் நூற்றிருபது குழாய்.

"அய்யோ, எதுக்கு இறக்குற?"

"எது எதுன்னு எனக்கே தெரியாத சரக்கை என் அடுக்குல வைக்க மாட்டேன். அடுத்த சந்தைக்குள்ள சரி பண்ணிக் கொண்டா. இல்லன்னா அந்த இடம் ஆமைக்கு."

அடுத்த சந்தை முடிந்தால் மழைக்காலம். மூன்று மாதம் மரத்தை விட்டு இறங்க முடியாது. கீச்சியும் அதன் நான்கு குட்டிகளும் மழை முழுக்கச் சாப்பிடும் கடலை, இந்தக் குழாய்களுக்குப் பதிலாகத்தான் வரவேண்டும். குழாய்கள் குகைக்கு வெளியே கிடந்தால் பூஞ்சை பிடிக்கும். பிறகு நெல்லியும் இல்லை, கடலையும் இல்லை.

"சரி, என்ன பண்ணணும்னு சொல்லு," என்றது கீச்சி.

"எண் அஞ்சு இலக்கம். முதல் ரெண்டு, யார் வீட்டுச் சரக்குன்னு சொல்லும். உனக்கு நாப்பத்தொண்ணு. அடுத்த ரெண்டு, எந்தச் சரக்குன்னு சொல்லும். தேன் நெல்லிக்கு ஒண்ணு, கார நெல்லிக்கு வேற ஒண்ணு. பெரிய குழாய்க்கு ஒண்ணு, சின்ன குழாய்க்கு வேற ஒண்ணு."

"சின்னதும் பெருசும் ஒரே நெல்லிதானே?"

"பெரிய குழாய் கேக்கறவனுக்குச் சின்னதைக் கொடுத்தா அவன் சும்மா போவானா? மொத்தம் நாலு எண். கடைசி இலக்கம் சோதனைக்கு. முந்தின நாலையும் கூட்டு. வர்றதுல கடைசி இலக்கம் எதுவோ அதைப் போடு. நீ ஒரு கோட்டைத் தப்பாக் கடிச்சாலும் மரங்கொத்தி கண்டுபிடிச்சிடும்."

"நூத்திருபது குழாய். பல்லு தேஞ்சு போயிடுமே."

"அணில் பல்லு வளர்ந்துக்கிட்டேதான் இருக்கும். எனக்குத் தெரியாதா? போடி."

கீச்சி வேலையை ஆரம்பித்தது. மெழுகை முகர்ந்து முகர்ந்து தேன் தனி, காரம் தனி என்று பிரித்தது. பழைய கோட்டைச் சுரண்டி எடுத்தது. புதுக் கோட்டைக் கடித்தது. ஐந்து குழாய் முடிந்ததும் தாடை வலித்தது. பத்து முடிந்ததும் அழுகையே வந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நரி வந்தது.

"தங்கச்சி, என்னத்துக்கு இந்தப் பாடு? கோடுன்னா கோடு. எண்ணாம், கூட்டலாம். ஆனை உன்னை நல்லா வேலை வாங்குது."

"எண் இல்லாம அடுக்குல ஏத்த மாட்டாங்க நரியண்ணே."

"அட, எண் வேணும், அவ்வளவுதானே? முள்ளம்பன்றி கடையை விட்டுப் போய் ஒரு வருஷம் ஆச்சு. அதோட காலிக் குழாய் என் குழியில குவிஞ்சு கிடக்கு. எல்லாத்துலயும் கோடு இருக்கு. உன் நெல்லியை அதுல கொட்டு. எனக்கு ரெண்டு பிடி கடலை கொடுத்தா போதும். யாரு பார்க்கப் போறா?"

கீச்சி ஆசைப்பட்டது. பொய் சொல்வானேன், ரொம்பவே ஆசைப்பட்டது. வலிக்கிற தாடையோடு ஒரு காலிக் குழாயைத் தூக்கிக்கொண்டு மரங்கொத்தியிடம் போனது.

"இதைக் கொஞ்சம் படி."

டிர்ர்.

"ரெண்டு, மூணு, சுழி, அஞ்சு, சுழி," என்றது மரங்கொத்தி.

குகைக்குள்ளிருந்து யானையின் குரல் வந்தது. "முள்ளம்பன்றி வீட்டு மரவள்ளி மாவு. அது போய் ஒரு வருஷம் ஆச்சே, யாருடா இப்ப கொண்டு வந்தது?"

கீச்சிக்கு அப்போதுதான் உறைத்தது. முள்ளம்பன்றி போய்விட்டது. அதன் எண் போகவில்லை. அந்தக் குழாயில் நெல்லியைக் கொட்டினால், காடு முழுக்க அதை மாவு என்றுதான் சொல்லும்.

குழாயைக் கொண்டுபோய் நரியின் முன்னால் போட்டது. "எனக்கு வேண்டாம் அண்ணே. நானே கடிச்சுக்கறேன்."

"கடி, கடி. பல்லு கொட்டட்டும்," என்றது நரி.

கீச்சி ஒன்பது நாள் கடித்தது. நடுவில் எட்டுக் குழாயை மரங்கொத்தி திருப்பி அனுப்பியது. "நாலு, ஒண்ணு, சுழி, ரெண்டு. கூட்டினா ஏழு வரணும். நீ ஒன்பது கடிச்சு வச்சிருக்கே. தூங்கிட்டே கடிச்சியா?" கீச்சி சுரண்டிவிட்டுத் திரும்பக் கடித்தது.

நரி பக்கத்துப் புதரிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்கும் சரக்கு உண்டு. இலந்தை வடை. நல்ல சரக்குதான், அதையும் சொல்லிவிட வேண்டும். வெயிலில் நான்கு நாள் காயவைத்து, அறுபது குழாய் அடைத்து வைத்திருந்தது. ஆனால் யானையிடம் போய் எண் கேட்கச் சோம்பல். எந்தக் கோடு இருந்தாலும் சரக்கு அடுக்கில் ஏறிவிடும் என்பது அதன் நினைப்பு. கீச்சி தூங்கும்போது அதன் பெரிய தேன் நெல்லிக் குழாய் ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதே கோட்டை அறுபது குழாயிலும் நகத்தால் கீறிவிட்டு, குழாயைத் திருப்பி வைத்தது. கொஞ்சமும் பிசகவில்லை. கீறுவதில் நரி கெட்டிக்காரன்.

சந்தை நாள் வந்தது. மேற்கே வானம் கறுத்துக் கிடந்தது. முதலில் கீச்சியின் நூற்றிருபது குழாய். மரங்கொத்தி படித்தது, யானை சொன்னது, எல்லாம் சரி. அடுத்தது நரியின் முறை.

டிர்ர். "நாலு, ஒண்ணு, சுழி, ரெண்டு, ஏழு. கூட்டல் சரி."

"கீச்சி வீட்டுத் தேன் நெல்லி, பெரிய குழாய்," என்றது யானை. "கீச்சி அடுக்குல ஏத்து."

நரி பல்லைக் காட்டிச் சிரித்தது. ஏற்றிவிட்டார்கள் அல்லவா! அறுபதும் ஏறி முடிந்ததும் அது கேட்டது, "என் கடலை?"

"உனக்கு எதுக்குக் கடலை?"

"என் சரக்கு ஆனைக்கா அது."

"எண் கீச்சியோடது. எண் சொல்றதைத்தான் நான் நம்புவேன். வர்ற கடலை கீச்சிக்குப் போகும். சுமந்துட்டு வந்தியே, நல்ல பிள்ளை."

காட்டுப்பன்றி கொல்லென்று சிரித்தது. நரியின் வால் கீழே இறங்கியது. அது மெதுவாகக் கீச்சியின் பக்கம் நகர்ந்து காதில் சொன்னது. "தங்கச்சி, கம்முனு இரு. பாதிக் கடலை உனக்கு, பாதி எனக்கு. உனக்கு என்ன நட்டம்?"

கீச்சி அடுக்கைப் பார்த்தது. அறுபது குழாய். பாதி என்றாலே குட்டிகள் மழை முழுக்க வயிறு நிறையச் சாப்பிடலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த நேரம் வரிசையின் முன்னால் கரடி வந்து நின்றது. "ஒரு தேன் நெல்லி. பெருசு. இந்தத் தடவை சரியாப் பார்த்துக் கொடு ஆனைக்கா. இதுலயும் ஏமாந்தேன்னா இந்த அணில் சரக்கு இனி இந்தக் கடையில இருக்கக் கூடாது."

யானை தும்பிக்கையை நீட்டியது. எடுத்தது நரி கொண்டுவந்த குழாய்; கோடு பல்லால் கடித்ததல்ல, நகத்தால் கீறியது.

கீச்சி ஒரே தாவலில் தும்பிக்கை மேல் ஏறியது. "கொடுக்காதே! எண் என்னோடது. சரக்கு என்னோடது இல்லை."

யானை மரங்கொத்தியைத் திரும்பிப் பார்த்தது.

"என்னைப் பார்க்காதே," என்றது மரங்கொத்தி. "கோடு சொல்றதைத்தான் நான் சொல்லுவேன். உள்ளே என்ன இருக்குன்னு அலகுக்குத் தெரியுமா?"

யானை மெழுகைப் பெயர்த்தது. உள்ளேயிருந்து இலந்தை வாசம் குப்பென்று வந்தது.

கரடி பத்தடி பின்னால் போய் நின்றது. "இலந்தையா? ஒரு கடி கடிச்சா உடம்பு பூரா எனக்குத் தடிச்சுப் போயிடும். போன வருஷம் நாலு நாள் கண்ணே திறக்கல."

எல்லாரும் நரியைப் பார்த்தார்கள்.

"அது... கோடுதானே..." என்றது நரி.

"கோடு இல்லடா. பேரு," என்றது கீச்சி. "அது என் பேரு. உன் இலந்தை என் பேர்ல போனா, நாளைக்கு வீங்கற உடம்புக்கு நான்தான் பதில் சொல்லணும். ஏற்கெனவே ஒரு நாக்குக்குப் பதில் சொல்லிட்டேன். ஒன்பது நாள் ஆச்சு."

யானை அறுபது குழாயையும் இறக்கி வெளியே வைத்தது. பிறகு கீச்சி கடித்த குழாய் ஒன்றை எடுத்து மரங்கொத்தியிடம் நீட்டியது. டிர்ர். நாலு, ஒண்ணு, சுழி, ரெண்டு, ஏழு. கீச்சி அதை முகர்ந்து பார்த்துத் தலையாட்டியது. யானை கரடியிடம் கொடுத்தது.

கரடி கண்ணை இறுக மூடிக்கொண்டது. ஒரே ஒரு நெல்லியை நாக்கு நுனியில் வைத்தது. கரடி ஓட வழிவிட்டு, முயல் குளத்துப் பாதையிலிருந்து விலகி நின்றது.

கரடி மென்றது. ஒரு கண்ணைத் திறந்தது. குழாயைக் கவிழ்த்து முழுவதையும் வாயில் கொட்டிக்கொண்டது.

"இன்னும் அஞ்சு கொடு," என்றது.

அவ்வளவுதான், வரிசை முட்டி மோதியது. காட்டுப்பன்றி காரம் கேட்டது, காரம் கிடைத்தது. முயல் சின்னத் தேன் கேட்டது, சின்னத் தேன் கிடைத்தது. ஒரு குழாய்கூட மாறவில்லை. உச்சிவெயிலுக்குள் கீச்சியின் அடுக்கு காலி. குட்டிகள் நான்கும் கடலையை உருட்டி உருட்டி மரப்பொந்தை அடைத்தன. பொந்து நிறைந்து, பக்கத்துப் பொந்தையும் கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. ஆமை இடம் கேட்டு வந்தது. "வேற அடுக்கு பாரு," என்றது யானை.

முதல் மழைத்துளி விழுந்தபோது நரி நனைகிற தன் குழாய்களுக்கு நடுவே குகை வாசலில் நின்றது.

"ஆனைக்கா, எனக்கும் ஒரு எண் கொடேன்."

"அன்னைக்கே கேட்டிருந்தா அன்னைக்கே கொடுத்திருப்பேன்," என்றது யானை. "உனக்கு நாப்பத்திரண்டு. மழை விட்டதும் புதுசாச் செஞ்சு எடுத்துட்டு வா."

ஒரு சரக்குக்கு ஒரு எண், அந்த எண்ணுக்கு அந்த ஒரே சரக்கு; இரவல் எண்ணையோ திருட்டு எண்ணையோ ஒட்டுகிறவனின் உழைப்பு அடுத்தவர் பேரில்தான் போய்ச் சேரும்.