கோதண்டத்தின் வலது கை

"அம்மா, நம்ம கூட்டுப் பாட்டுல யாரோ சுதி விலகுறாங்க. உங்க காதுல விழுதா?" என்று கேட்டார் கோதண்டம்.

"விழுது" என்றார் செங்கமலத்தம்மாள்.

ஆற்றங்கரை மடத்தில் பதிகம் சொல்லிக்கொடுப்பவர் அவர். கோதண்டத்தைவிட வயதில் சின்னவர்.

கோதண்டம் பாதி ஆயுளை நாடக மேடையில் கழித்துவிட்டு, முறையாகப் பாடக் கற்க வந்தவர். மைக் இல்லாமலே கடைசி வரிசையை எட்டும் குரல் அவருக்கு.

திருவிழாவில் பதிகத்தின் முதல் அடியை எடுத்துக் கொடுப்பது யார் என்று அம்மாள் இன்னும் சொல்லவில்லை. அந்த இடத்துக்காகக் கோதண்டம் உயிரையே கொடுப்பார்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாகச் சேர்ந்தவர்கள் ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டுதான் பாட வேண்டும். தேறியதும் கையை இறக்கிவிடலாம்.

கோதண்டம் வந்த அன்றே இறக்கிவிட்டார். மேடை கண்டவருக்கு அதெல்லாம் எதற்கு?

"விலகுறது யாருன்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க, ஐயா" என்றார் அம்மாள்.

கோதண்டம் தினமும் ஒருவர் பக்கத்தில் போய் நின்று பாடினார். பிறகு கோபத்தோடு வந்தார்.

"யார் பக்கத்துல நின்னாலும் அந்தப் பிசிறு கேக்குது, அம்மா! ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்ன கதையில்ல இது. மொத்தப் பேரும் பழுது."

"என் பக்கத்துல நின்னு பார்த்தீங்களா?"

கோதண்டம் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் காலை அம்மாள் பக்கத்தில் நின்று பாடினார். அங்கேயும் அதே பிசிறு. குருவிடம் போய் எப்படிச் சொல்வது?

வேறு எதையோ கேட்டு வைத்தார்.

"நீங்க ஏம்மா இன்னும் புதுசா வந்தவங்க மாதிரி காதைப் பொத்திக்கிறீங்க?"

"ஊரார் பாட்டெல்லாம் தானா கேக்குது, ஐயா. என் பாட்டு பொத்தினாத்தான் கேக்குது."

அன்று மாலை எல்லோரும் கூடிப் பாடினார்கள். பாதிப் பதிகத்தில் கோதண்டத்தின் வலது கை மெல்ல எழுந்து காதுக்குப் போனது.

அடுத்த அடியில் அவர் பாட்டை நிறுத்தினார். ஒவ்வொருவராக எல்லோரும் நிறுத்தினார்கள்.

அந்த மனிதரைச் சும்மா சொல்லக் கூடாது. கைதட்டல் வாங்கியே பழகியவர் அவர். அத்தனை பேரையும் பழுது என்று சொன்னவர். அத்தனை பேர் முன்னாலும் நின்று சொன்னார்:

"அம்மா, ஆளைக் கண்டுபிடிச்சுட்டேன். நான்தான்."

செங்கமலத்தம்மாள் எழுந்து நின்று அவரைக் கும்பிட்டார்.

"திருவிழாவுல முதல் அடியை நீங்கதான் எடுக்கணும், ஐயா."

"ஐயோ அம்மா! சுதி விலகுறதே நான்தானே?"

"அது பாடப் பாடச் சேர்ந்துடும். கையை மட்டும் இறக்கிடாதீங்க."